சர்வைவல் வரைபடத்தில் சேர்க்கும் கோடும் புள்ளியும் ஏன் இடம் மாறி விழுகின்றன?

கேள்வி இதுதான். ஆர் மென்பொருளில் சர்வைவல் பேக்கேஜோடு வரும் லங் தரவை (நுரையீரல் புற்றுநோயாளிகள் எத்தனை நாள் உயிரோடு இருந்தார்கள் என்ற பட்டியல்) எடுத்து, ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என இரண்டு கேப்லன்-மையர் கோடுகள், அதாவது ஒவ்வொரு நேரத்திலும் எத்தனை பங்கு பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டும் கோடுகள், வரைந்தாயிற்று. கிடை அச்சு நாட்களில் இருந்ததால், ஆண்டுகளாகக் காட்ட எக்ஸ்ஸ்கேல் என்ற இடத்தில் 365.25 கொடுத்தாயிற்று. படம் அழகாக வந்தது. அதன் மேல் காக்ஸ் மாடல் (பாலினம், வயது போன்றவை ஆபத்தை எத்தனை மடங்கு மாற்றுகின்றன என்று கணக்கிடும் மாடல்) சொல்லும் கோட்டையும், ஓராண்டு முடிவில் ஒரு புள்ளியையும், மீடியனையும் (கோடு பாதியாக இறங்கும் காலம்) சேர்க்கப் போனால் எல்லாம் குழம்பிவிட்டது. 1 என்ற இடத்தில் வைத்த புள்ளி இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, காக்ஸ் கோடு இடது அச்சை ஒட்டிச் செங்குத்தாக விழும் ஒரு கீறலாகத் தெரிகிறது. எர்ரரும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. எக்ஸ்ஸ்கேல் என்பது அச்சில் எழுதப்படும் எண்களை மட்டும்தான் மாற்றுகிறது, படத்துக்கு உள்ளே இருக்கும் அளவு இன்னும் நாட்கள்தான். லங் தரவில் மிக நீண்ட காலம் 1022 நாட்கள், ஆகவே உங்கள் படம் உண்மையில் 0 முதல் 1022 வரை ஓடுகிறது, அதன் மேல் 1, 2 என்று ஆண்டுகள் எழுதப்பட்டிருக்கின்றன, அவ்வளவே. 1 என்று நீங்கள் வைத்த புள்ளி முதல் நாளில் போய் உட்கார்ந்தது. காக்ஸ் மாடலை மட்டும் காலத்தை 365.25-ஆல் வகுத்த பிறகு பொருத்தியிருக்கிறீர்கள், அதனால் அதன் கோடு முழுவதும் 0-க்கும் 2.8-க்கும் நடுவே அடங்கிவிட்டது. 1022 அகலத்தில் 2.8 என்பது ஒரு கோட்டின் தடிமன் அளவுகூட வராது.

இந்த நடத்தை முன்பு இப்படி இல்லை. பேக்கேஜின் மிகப் பழைய பதிப்புகளில் எக்ஸ்ஸ்கேல் கொடுத்தால் உள்ளே இருக்கும் அளவே மாறும், பின்னால் வரும் லெஜன்ட் உட்பட எல்லாம் ஆண்டுக் கணக்கில் நடக்கும். ஆனால் செங்குத்து அச்சுக்கான ஒய்ஸ்கேல் மட்டும் லேபிளை மாற்றுவதோடு நின்றுகொள்ளும். ஒன்றுக்கொன்று முரணாக இருந்த இதை 2.36 பதிப்பு வாக்கில் சரிசெய்து, இரண்டுமே லேபிளை மட்டும் மாற்றும்படி ஆக்கினார்கள். பழைய பாடக்குறிப்பில் இருக்கும் கட்டளைகளைப் பார்த்து எழுதினால் இன்றைக்கு வேறு விளைவுதான் வரும்.

என் யோசனை, எக்ஸ்ஸ்கேலையே விட்டுவிடுங்கள். தரவிலேயே காலத்தை ஆண்டாக மாற்றிய ஒரு புதிய நிரலை (அட்டவணையின் செங்குத்து வரிசையை) உருவாக்குங்கள், கேப்லன்-மையர், காக்ஸ், வைபுல் (ஒரு சூத்திரத்தால் வழுவழுப்பான கோடு தரும் மாடல்) என்று எதைப் பொருத்தினாலும் அந்த ஒரே நிரலை வைத்துப் பொருத்துங்கள். அப்போது 1 என்றால் ஓராண்டு, படத்துக்கு வெளியே நீங்கள் நினைப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றே. நாட்களிலேயே வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் புள்ளியை 365.25-இல் வையுங்கள். எதைச் செய்தாலும், முதல் கோட்டை வரைந்தவுடன் ஓராண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மெல்லிய செங்குத்துக் கோடு போட்டுப் பாருங்கள். அது அச்சில் 1 என்று எழுதியிருக்கும் இடத்தில் விழவில்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். நான் ஒவ்வொரு முறையும் இதைச் செய்கிறேன், பிறகு அந்தக் கோட்டை அழித்துவிடுகிறேன்.

சரி, அளவு பொருந்திவிட்டது. இனி கோட்டைச் சேர்ப்பது. இங்கே ஆர் மொழியின் ஒரு பழக்கத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். லைன்ஸ் என்ற ஒரே பெயரில் இரண்டு வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். சர்வைவல் கோட்டைக் கணக்கிடும் சர்வ்ஃபிட் ஃபங்ஷன் தந்த பொருளை அப்படியே லைன்ஸிடம் கொடுத்தால், சர்வைவல் பேக்கேஜின் லைன்ஸ் வந்து வேலை செய்யும்: காலம் 0, மதிப்பு 1 என்று தொடங்கி, படிப்படியாக இறங்கும் கோட்டை அது சரியாக வரையும். அதே பொருளுக்குள் இருக்கும் காலத்தையும் நிகழ்தகவையும் தனித்தனி எண்களாகப் பிரித்தெடுத்துக் கொடுத்தால், வருவது சாதாரண லைன்ஸ். அதற்குச் சர்வைவல் என்றால் என்னவென்று தெரியாது. புள்ளிகளைச் சாய்கோடுகளால் இணைத்துவிடும், அதோடு தொடக்கப் புள்ளியும் இருக்காது, ஏனென்றால் சர்வ்ஃபிட் பொருளுக்குள் இருக்கும் காலப் பட்டியல் முதல் நோயாளியின் நாளிலிருந்துதான் ஆரம்பிக்கும், 0 அதில் கிடையாது. எண்களாகப் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் சர்வ்ஃபிட்0 என்ற ஃபங்ஷன் வழியாக அனுப்புங்கள், அது 0 நேரத்தைச் சேர்த்துத் தரும். பிறகு வரையும்போது டைப் என்ற இடத்தில் சிறிய எஸ் எழுத்தைக் கொடுங்கள். சிறிய எஸ் முதலில் கிடையாகப் போய்ப் பிறகு இறங்கும், பெரிய எஸ் முதலில் இறங்கிப் பிறகு கிடையாகப் போகும். நமக்கு வேண்டியது முன்னது.

சாய்கோடா படியா என்பது வெறும் அழகுப் பிரச்சினை என்று சிலர் நினைக்கிறார்கள், அதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1958-இல் கேப்லனும் மையரும் வெளியிட்ட மதிப்பீட்டின் அடிப்படையே, நிகழ்வு நடந்த நேரங்களில் மட்டும்தான் கோடு இறங்கும் என்பது. ஒருவர் தொலைபேசிக் கேபிள்களில் இருந்த வெற்றிடக் குழாய்களின் ஆயுளைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார், மற்றவர் புற்றுநோயாளிகளின் ஆயுளை. இருவரும் தனித்தனியாக எழுதியதைத்தான் பிறகு ஒரே கட்டுரையாகச் சேர்த்தார்கள். இருவருக்கும் இருந்த சிக்கல் ஒன்றுதான், எல்லாருடைய முடிவையும் பார்த்து முடிக்கும் வரை காத்திருக்க முடியாது. இரண்டு நிகழ்வுகளுக்கு நடுவே என்ன நடந்தது என்று தரவு எதையும் சொல்லவில்லை, அதனால் கோடு அங்கே கிடையாக நிற்கிறது. நீங்கள் அதைச் சாய்த்தால், தரவு சொல்லாத ஒன்றைச் சொன்னதாக ஆகிவிடும். ஆள் நிறைய இருக்கும் இடது பக்கத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது; வலது பக்கத்தில், படிகள் பெரிதாகும் இடத்தில், மதிப்பே மாறிப்போகும்.

நம்பிக்கை இடைவெளிக்கு (மதிப்பீடு எவ்வளவு நிச்சயம் என்று காட்டும் மேல், கீழ் எல்லைகள்) நிழல் போடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. பாலிகன் (மூடிய வடிவத்தை வரைந்து நிரப்பும் ஃபங்ஷன்) கொண்டு மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் நேரடியாக இணைத்தால் நிழல் சாய்ந்துவிடும், கோடு படியாக இருக்கும், கோடு சில இடங்களில் தன் நிழலை விட்டு வெளியே எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு நேரத்தையும் இரண்டு முறை எழுதி, மதிப்பை ஒரு படி தள்ளி எழுதிப் பிறகு பாலிகனுக்குக் கொடுத்தால் நிழலும் படியாக வரும்.

இனி காக்ஸ் கோடு. இதில்தான் தவறு அதிகம், படம் பார்க்க நன்றாக இருக்கும்போதே தவறாக இருக்கும் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். காக்ஸ் மாடலை அப்படியே சர்வ்ஃபிட்டிடம் கொடுத்தால் ஒரே ஒரு கோடுதான் வரும். யாருடைய கோடு அது? எல்லா மாறிகளும் சராசரி மதிப்பில் இருக்கும் ஒரு கற்பனை மனிதருடையது. லங் தரவில் பாலினம் 1, 2 என்று எண்ணாக இருக்கிறது, 138 ஆண்கள், 90 பெண்கள், ஆக சராசரி 1.39. பாலினம் 1.39 உள்ள ஒருவருடைய கோட்டை ஆண், பெண் கோடுகளுக்கு நடுவே வரைந்து, மாடல் இரண்டுக்கும் பொருந்தவில்லை என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை. நியூடேட்டா என்ற இடத்தில், பாலினம் 1 என ஒரு வரிசை, 2 என ஒரு வரிசை கொண்ட சிறிய அட்டவணையைக் கொடுங்கள். இரண்டு கோடுகள் வரும். அவற்றை லைன்ஸ் வழியாகச் சேர்க்கும்போது, ஆண்களின் இரண்டு கோடுகளுக்கும் ஒரே நிறம், பெண்களின் இரண்டுக்கும் இன்னொரு நிறம் என்று வைத்து, காக்ஸை மட்டும் விட்டுவிட்டுப் போகும் கோடாக ஆக்கினால் படம் தானே பேசும்.

அப்படி வரைந்த பிறகு கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும்: காக்ஸ் கோட்டில் படிகள் அதிகமாகவும் சிறியதாகவும் இருக்கும். பிழை இல்லை. இரண்டு பிரிவுக்கும் அடிப்படை ஆபத்து விகிதம் ஒன்றே என்று மாடல் எடுத்துக்கொள்வதால், ஒரு பெண் இறந்த நாளில் ஆண்களின் காக்ஸ் கோடும் கொஞ்சம் இறங்கும். கேப்லன்-மையர் கோடு தன் பிரிவில் நடந்ததை மட்டும்தான் பார்க்கும். இரண்டும் எங்கே விலகுகின்றன என்பதைப் பார்ப்பதற்காகத்தான் ஒன்றன் மேல் ஒன்றாக வரைகிறோம்; ஆரம்பத்தில் ஒரு பக்கமும் பிற்பகுதியில் மறுபக்கமுமாக விலகினால், ஆபத்து விகிதம் காலம் முழுவதும் ஒரே மடங்கில் இருக்கிறது என்ற அனுமானத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

மாடலில் வயதையும் சேர்த்துவிட்டால் கதை மாறுகிறது. 62 வயது ஆணுக்கான காக்ஸ் கோடும், எல்லா வயது ஆண்களையும் கொண்ட கேப்லன்-மையர் கோடும் வேறு வேறு அளவுகள். பொருந்தினால் அது தற்செயல். ஒப்பிட வேண்டும் என்றால், பிரிவில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மாடல் தரும் கோட்டை எடுத்து, அந்தக் கோடுகளைச் சராசரி செய்து ஒன்றை வரையுங்கள். சராசரி வயதுக்கு ஒரு கோடு எடுப்பதும், கோடுகளைச் சராசரி எடுப்பதும் ஒன்றல்ல.

இன்னொன்று, விடுபட்ட மதிப்புகள். லங் தரவில் மொத்தம் 228 பேர், அதில் எடை குறைவு என்ற நிரலில் 14 பேருக்கு மதிப்பு இல்லை. அந்த மாறியைக் காக்ஸில் சேர்த்தவுடன் சத்தமில்லாமல் 214 பேராகக் குறைந்துவிடும், கேப்லன்-மையர் மட்டும் 228 பேரோடு நிற்கும். இரண்டு வேறு கூட்டங்களின் கோடுகளை ஒரே படத்தில் வைத்து மாடலின் பொருத்தத்தைப் பேசுவோம். முதலில் தேவையான நிரல்களில் முழுத்தரவு உள்ளவர்களை மட்டும் பிரித்தெடுத்து, அதிலிருந்து எல்லாவற்றையும் பொருத்துவது நல்லது.

வைபுல் போன்ற மாடலின் கோடு சேர்ப்பது இதைவிடச் சுலபம், அது உண்மையிலேயே வழுவழுப்பான கோடு, சாதாரண லைன்ஸ் போதும். இந்த மாடலைப் பொருத்தும் சர்வ்ரெக் ஃபங்ஷன் தரும் எண்களை எடுத்து வைபுல் ஃபங்ஷனுக்குள் நேராகப் போடாதீர்கள், சர்வ்ரெக்கில் ஸ்கேல் என்று சொல்வது வைபுல் ஃபங்ஷனின் ஷேப் என்பதன் தலைகீழ் (1-ஐ அதனால் வகுத்தது), சர்வ்ரெக்கின் இன்டர்செப்டை e-யின் அடுக்காக வைத்தால் வருவதுதான் வைபுல் ஃபங்ஷனின் ஸ்கேல். இதில் தடுமாறாத ஆளை நான் பார்த்ததில்லை. சுற்றுவழி ஒன்று இருக்கிறது: பிரெடிக்ட்டில் குவான்டைல் வகையைக் கேட்டு, 0.01 முதல் 0.99 வரை நிகழ்தகவுகளைக் கொடுங்கள், அது ஒவ்வொன்றுக்கும் உரிய காலத்தைத் தரும். காலத்தைக் கிடை அச்சிலும், 1-இலிருந்து நிகழ்தகவைக் கழித்ததைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைந்தால் முடிந்தது, ஷேப், ஸ்கேல் எதையும் தொட வேண்டியதில்லை.

செங்குத்து அச்சில் எதை வரைய வேண்டும் என்று சொல்லும் ஃபன் என்ற ஆர்குமென்டை மறந்துவிடாதீர்கள். முதல் படத்தை நிகழ்வின் திரள் நிகழ்தகவாக, அதாவது கீழிருந்து மேலே ஏறும் கோடாக வரைந்திருந்தால், லைன்ஸிலும் அதே ஃபன் மதிப்பைத் திரும்பக் கொடுக்க வேண்டும். பேக்கேஜ் அதை நினைவில் வைத்துக்கொள்ளாது. கொடுக்காவிட்டால் ஒரு கோடு ஏறும், மற்றது இறங்கும், நடுவில் பெருக்கல் குறி போல வெட்டிக்கொள்ளும்; அது தெரிந்துவிடும் தவறு என்பதால் பரவாயில்லை. திரள் ஆபத்து வரைபடத்தில் மறந்தாலும் அப்படித்தான், ஒன்று ஏறும், மற்றது இறங்கும். பேக்கேஜ் நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரே விஷயம் வலது எல்லை: முதல் படத்தில் எக்ஸ்லிம் அல்லது எக்ஸ்மேக்ஸ் கொடுத்திருந்தால், பின்னால் சேர்க்கும் கோடுகளும் அங்கேயே வெட்டப்படும். ஒரு படத்துக்கு வைத்த எல்லை அடுத்த கோட்டையும் ஏன் வெட்டுகிறது என்று தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு இதுதான் விடை. ஃபன் இடத்தில் சிலாக்லாக் கொடுத்து வரைந்தால் கிடை அச்சும் லாகரிதமாக மாறிவிடும், அங்கே 0 நேரத்தில் எதையும் வைக்க முடியாது.

இப்போது புள்ளிகள். ஒரு புள்ளியை வைப்பதற்கு முன் அது என்ன சொல்கிறது என்று முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் சர்வைவல் படத்தில் மூன்று வகைப் புள்ளிகள் கலந்து கிடக்கின்றன. முதலாவது, சென்சார் குறி: அந்த நேரம் வரை உயிரோடு இருந்தார், அதற்குப் பிறகு தெரியாது என்பதைச் சொல்லும் சிறிய கூட்டல் குறி. இரண்டாவது, நிகழ்வு நடந்த இடம். மூன்றாவது, ஓராண்டு நிகழ்தகவு, மீடியன் போல நாம் கணக்கிட்டு வைக்கும் புள்ளி. மூன்றுக்கும் ஒரே குறியைப் போட்டால் வாசிப்பவர் கூட்டல் குறிகளை மரணங்கள் என்று எண்ணிக்கொள்வார், அப்படி எண்ணியவர்களை நான் கூட்டங்களில் பார்த்திருக்கிறேன், தவறு அவர்களுடையது அல்ல, படத்தினுடையது.

சென்சார் குறிகளுக்கு மார்க் டாட் டைம் என்பதை ட்ரூ ஆக்க வேண்டும், இல்லையென்றால் வராது. ஆனால் பிசிஹெச் என்று குறியின் வடிவத்தைக் கொடுத்தாலே, குறிகள் வேண்டும் என்று பேக்கேஜ் எடுத்துக்கொள்ளும். கேட்காமலே கூட்டல் குறிகள் வந்துவிட்டன என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பிசிஹெச் கொடுத்தவர்கள்தான். பலருக்குத் தெரியாத வசதி ஒன்றும் இங்கே இருக்கிறது: மார்க் டாட் டைமுக்கு ட்ரூ என்பதற்குப் பதில் 1, 2 என்று எண்களைக் கொடுத்தால், ஒவ்வொரு கோட்டின் மேலும் அந்த நேரங்களில் மட்டும் குறி விழும். உயரத்தை நீங்கள் கணக்கிட வேண்டியதே இல்லை. உங்கள் ஓராண்டுப் புள்ளிக்கு இது போதும்.

பாயிண்ட்ஸ் ஃபங்ஷனைச் சர்வ்ஃபிட் பொருளோடு அழைத்தால் நிகழ்வு நேரங்களில் மட்டும் புள்ளி வைக்கும். சென்சார் நேரங்களிலும் வேண்டுமென்றால் சென்சார் என்பதை ட்ரூ ஆக்க வேண்டும். மார்க் டாட் டைம் செய்வதற்கு இது நேர் எதிர், அதனால் இரண்டையும் ஒரே படத்தில் பயன்படுத்தும்போது எது எதைக் குறிக்கிறது என்று ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள்.

மதிப்பை எடுத்து நாமே புள்ளி வைக்க, சம்மரியில் டைம்ஸ் என்ற இடத்தில் நேரத்தைக் கொடுங்கள். லங் தரவில் 365 நாளில் ஆண்களுக்கு 0.34, பெண்களுக்கு 0.53 என்று வரும். அந்த இரண்டு மதிப்புகளையும், நேரத்தை இரண்டு முறை எழுதி அதையும், சாதாரண பாயிண்ட்ஸுக்குக் கொடுத்தால் புள்ளிகள் கோட்டின் மேல் மிகச் சரியாக உட்காரும். உட்காரவில்லையென்றால் கோடும் புள்ளியும் வேறு தரவிலிருந்தோ வேறு அளவிலிருந்தோ வந்திருக்கின்றன. படத்தை உருப்பெருக்கிப் பார்த்துப் புள்ளி கோட்டைத் தொடுகிறதா என்று சரிபார்க்கும் பழக்கம் எனக்குப் பல தவறுகளைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. கடைசிப் பின்தொடர்தலுக்கும் அப்பால் ஒரு நேரத்தைக் கேட்டால் மதிப்பு வராது; எக்ஸ்டென்ட் என்பதை ட்ரூ ஆக்கினால் வரும், ஆனால் அது கடைசி மதிப்பை அப்படியே நீட்டித் தருவது. அங்கே புள்ளி வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

மீடியனுக்கு 0.5 உயரத்தில் கிடையாக ஒரு கோட்டை அச்சிலிருந்து வளைகோடு வரை கொண்டுபோய், அங்கிருந்து கீழே இறக்குங்கள். குவான்டைல் ஃபங்ஷன் காலத்தைத் தரும்: ஆண்களுக்கு 270 நாள், பெண்களுக்கு 426 நாள். நம்பிக்கை இடைவெளி ஆண்களுக்கு 212 முதல் 310, பெண்களுக்கு 348 முதல் 550. இந்த இடைவெளியைப் படத்தில் கிடையாக வரைய வேண்டும், ஏனென்றால் அது காலத்தின் இடைவெளி. ஓராண்டு நிகழ்தகவின் இடைவெளியைச் செங்குத்தாக வரைய வேண்டும். நம்பிக்கைப் பட்டையின் இரண்டு எல்லைகளையும் 0.5 கோடு எங்கே வெட்டுகிறதோ அவைதான் மீடியனின் இரண்டு எல்லைகள், அதனால் பட்டையையும் வரைந்திருந்தால் கண்ணாலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். மேல் எல்லை 0.5-க்குக் கீழே இறங்கவே இல்லையென்றால் மீடியனின் மேல் எல்லை கிடைக்காது, அது கணக்கின் தோல்வி அல்ல. கோடு 0.5-லேயே கிடையாக ஓடினால் ஆர் அந்தக் கிடைப்பகுதியின் நடுப்புள்ளியை மீடியனாக எடுத்துக்கொள்ளும். உங்கள் கண்ணுக்குத் தெரியும் முதல் வெட்டும் புள்ளியோடு அது ஒத்துப்போகாது.

இரண்டு கோடுகளுக்கும் முழு நீளத்துக்கு நம்பிக்கைப் பட்டை போட்டால் படம் நிரம்பி வழியும். அதனால்தான் ஒரே கோடு இருந்தால் பட்டையை வரைவதும், பல கோடுகள் இருந்தால் வரையாமல் விடுவதும் பேக்கேஜின் இயல்பு. நடுவழி ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது: கான்ஃப் டாட் டைம்ஸ் என்ற இடத்தில் சில நேரங்களை மட்டும் கொடுத்தால், அந்த இடங்களில் மட்டும் சிறிய செங்குத்து இடைவெளிகள் விழும், இரண்டு கோடுகளின் இடைவெளிகள் ஒன்றன் மேல் ஒன்று விழாமல் சற்றே தள்ளியும் வைத்துத்தரும். அரையாண்டு, ஓராண்டு, இரண்டாண்டு என்று மூன்று இடங்கள் போதும்.

வேறு மென்பொருளில் கணக்கிட்ட இடைவெளியை இதே படத்தில் சேர்க்கிறீர்களா? கோடு மிகச் சரியாகப் பொருந்தும், இடைவெளி மட்டும் பொருந்தாது. ஆர் இயல்பாக லாக் உருமாற்றத்தைப் பயன்படுத்துகிறது, சாஸும் ஸ்டாட்டாவும் லாக்-லாக். கான்ஃப் டாட் டைப்பை மாற்றினால் ஒத்துப்போய்விடும். மாதிரி சிறிதாக இருக்கும்போது இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும் அளவுக்கு இருக்கும்.

அப்புறம் மற்ற கருவிகள். சர்வ்மைனர் என்ற ஆர் பேக்கேஜின் ஜிஜிசர்வ்பிளாட்டில் வரைந்துவிட்டு அதன் மேல் கூட்டல் குறி போட்டு ஒரு அடுக்கைச் சேர்க்கப் பார்த்தால் எதிர்பார்த்தது நடக்காது, ஏனென்றால் அது தருவது படமும் அட்டவணையும் அடங்கிய ஒரு பட்டியல். அதற்குள் பிளாட் என்ற பெயரில் இருக்கும் படத்தை எடுத்து, அதோடு ஜியோம் ஸ்டெப்பை (படிக்கோடு வரையும் அடுக்கு) சேர்த்து, திரும்ப அதே இடத்தில் வையுங்கள். புதிய அடுக்குக்கு வேறு தரவு கொடுக்கும்போது இன்ஹெரிட் டாட் ஏஇஎஸ் என்பதை ஃபால்ஸ் ஆக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் பழைய நிரல்களின் பெயரைத் தேடி எர்ரர் வரும். ஜியோம் ஸ்டெப் இயல்பாகவே கிடையாகப் போய்ப் பிறகு இறங்கும், அதில் கவலையில்லை.

பைத்தானில் லைஃப்லைன்ஸ் வைத்து வரைகிறீர்கள் என்றால் முதல் படத்தின் ஆக்ஸிஸ் பொருளை இரண்டாவது கோட்டின் பிளாட் அழைப்பிலும் ஏஎக்ஸ் என்று கொடுங்கள், இரண்டும் ஒரே படத்தில் விழும். ஷோ சென்சார்ஸ் என்பது சென்சார் குறிகளைத் தரும். நிகழ்வு நிரலை 0, 1 என்று மாற்றிய பிறகே கொடுங்கள், லங் தரவில் இருப்பது போல 1, 2 என்று விடாதீர்கள். மேட்பிளாட்லிப்பின் ஸ்டெப் ஃபங்ஷனை நேராகப் பயன்படுத்தினால் மட்டும் கவனம் வேண்டும், அதன் இயல்பு நிலை ப்ரீ, அதாவது ஒவ்வொரு மதிப்பையும் இடது பக்கமாக நீட்டும். சர்வைவல் கோட்டுக்குப் போஸ்ட் வேண்டும். ஒருமுறை வெளியீட்டுக்குப் போகவிருந்த ஒரு படத்தைச் சரிபார்த்தபோது, மீடியனாகக் குறித்திருந்த புள்ளி கோட்டுக்கு வெளியே நின்றது. புள்ளி சரி, கோடுதான் ஒவ்வொரு படியிலும் ஒரு நிகழ்வு முன்னதாகவே இறங்கியிருந்தது. மொத்தச் சிகிச்சை விளைவையும் சிறிது மோசமாகக் காட்டிக்கொண்டிருந்த ஒரு படம், புள்ளி ஒன்றைச் சேர்க்காமல் இருந்தால் அப்படியே வெளியே போயிருக்கும்.

ஸ்டாட்டாவில் எஸ்டிஎஸ் கிராஃபுக்குள் ஆட்பிளாட் என்ற வசதி இருக்கிறது, அதற்குள் ட்வோவே வகைப் படம் எதையும் கொடுக்கலாம். கோட்டைப் படியாக ஆக்கக் கனெக்ட் என்பதில் ஸ்டேர்ஸ்டெப் கொடுங்கள். சாஸில் லைஃப்டெஸ்ட் வரையும் படத்தைத் திருத்துவதைவிட, அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கும் தரவை ஓடிஎஸ் அவுட்புட் வழியாக வெளியே எடுத்து, எஸ்ஜிபிளாட்டில் ஸ்டெப், ஸ்கேட்டர் என்று நாமே அடுக்கடுக்காக வரைவது எளிது.

கோடுகளின் பெயரை எழுத லெஜன்ட் பெட்டியைவிடக் கோட்டின் முனையிலேயே எழுதுவதை நான் விரும்புகிறேன். ஆரில் சர்வ்ஃபிட்டை வரையும் பிளாட் அழைப்பு ஒவ்வொரு கோட்டின் கடைசிப் புள்ளியையும் எக்ஸ், ஒய் என்று திருப்பித் தருகிறது. அதை ஒரு பெயரில் சேமித்து, டெக்ஸ்ட் ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் பெயர் தானே முனையில் போய் நிற்கும். எந்தக் கோடு முதல், எந்தக் கோடு இரண்டாவது என்பது பிரிவுகளின் வரிசையைப் பொறுத்தது, சர்வ்ஃபிட் பொருளை அச்சிட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். நிறமும் பெயரும் இடம் மாறிவிட்டால் ஆண்களின் கோட்டைப் பெண்களுடையது என்று வாசிப்பார்கள், அதைவிடப் பெரிய தவறு இந்தப் படத்தில் இருக்க முடியாது.

கடைசியாகக் கோட்டின் வால். லங் தரவில் பெண்களின் கோடு 765-ஆவது நாளில் 0.12-இலிருந்து 0.08-க்கு இறங்குகிறது, பார்க்கப் பெரிய இறக்கம், ஆனால் அந்த நேரத்தில் ஆபத்தில் இருந்தவர்கள், அதாவது இன்னும் உயிரோடு கண்காணிப்பில் இருந்தவர்கள், மூன்றே பேர், இறந்தவர் ஒருவர். அங்கே காக்ஸ் கோடும் கேப்லன்-மையர் கோடும் விலகுவதைப் பார்த்து மாடலைக் குறை சொல்ல வேண்டாம். படத்தைச் சிறிது முன்னதாகவே வெட்டிவிட எக்ஸ்மேக்ஸ் பயன்படுத்துங்கள், அது கோட்டை வரைவதற்கு முன்பே சுருக்கிவிடும். ஆபத்தில் இருப்போர் எண்ணிக்கையைக் கீழே ஒரு வரிசையாக எழுதினால் வாசிப்பவருக்கு வாலை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும்.

காலத்தை ஆண்டாக மாற்றி, இரண்டு மாடலையும் அதே தரவில் மறுபடி பொருத்திவிட்டு, நியூடேட்டாவோடு லைன்ஸ் அழைத்துப் பாருங்கள். அப்போதும் கோடு இடம் மாறி விழுந்தால், சர்வ்ஃபிட் பொருள் இரண்டையும் அச்சிட்டு, அதில் வரும் ஆள் எண்ணிக்கையையும் மீடியனையும் எழுதுங்கள்; எங்கே பிரிந்தது என்று அந்த எண்களிலிருந்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.